கை பார்த்துக்கொள்ளும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பல ஆண்டுகளாக உங்களை வாசித்து வருகிறேன். என்னிடம் 2007 மார்ச்சில் பதிவான மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. இரண்டு இருக்கை, திறந்து மூடும் துணிக்கூரை, கையால் மாற்றும் கியர், இரண்டு லிட்டர் எஞ்சின். 2017இல் சிஓஇயை, அதாவது இங்கே சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை, பத்தாண்டுக்குப் புதுப்பித்தேன். அது வரும் மார்ச்சில் முடிகிறது. மறுபடி புதுப்பிப்பதா, அதைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் ஒன்று வாங்குவதா என்று ஆறு மாதமாகக் குழம்புகிறேன். ஞாயிறு காலைகளில் பழைய அப்பர் தாம்சன் சாலை வழியே ஒரு சுற்றுப் போய்வருவேன். இப்போது அதுவும் குறைந்துவிட்டது. கடந்த மூன்று மாதத்தில் இரண்டு முறைதான் வண்டியை எடுத்தேன். நான்கு பேர் உட்காரும் வண்டி வேண்டும் என்கிறார் மனைவி. விரைவுச்சாலையிலேயே 90 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாத ஊரில் இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மகள் ஆட்டோ கியருக்கான 3ஏ உரிமம்தான் எடுத்திருக்கிறாள். அவளுக்கு இதில் ஆர்வமில்லை. வெறும் ஒரு பொருளுக்காக இப்படிக் கலங்குவது எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர., ஈசூன்

அன்புள்ள ர.,

சென்ற வாரம் என் அப்பாவுக்குத் திதி கொடுத்தோம். அன்று முழுவதும் அவருடைய கைகளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் உங்கள் கடிதம் வந்தது. பழைய அப்பர் தாம்சன் சாலை என்ற பெயரைக் கண்ட இடத்தில் நிறுத்திவிட்டேன். மீதியை மாலையில்தான் படிக்க முடிந்தது.

பணக் கணக்கில் நான் நுழையப் போவதில்லை. முந்தைய மூன்று மாதச் சிஓஇ ஏல விலையின் சராசரியைக் கட்டினால் பத்தாண்டு, அதில் பாதியைக் கட்டினால் ஐந்தாண்டு, ஐந்தாண்டு எடுத்தவருக்கு அதன்பின் நீட்டிப்பே இல்லை என்பதெல்லாம் ஏற்கெனவே ஒருமுறை புதுப்பித்த உங்களுக்குத் தெரியும். 2023 அக்டோபரில் உங்கள் வண்டி சேரும் பி பிரிவின் சிஓஇ ஏல விலை 150,001 வெள்ளியைத் தொட்டதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடன் வாங்காமல் கட்ட முடிந்தால் கட்டலாம். முடியாது என்றால் இந்தக் கடிதத்துக்கே இடமில்லை. நண்பர்களின் கேள்வியையும் விட்டுவிடுங்கள். 1,100 கிலோவை ஒட்டிய எடையில் அந்த வண்டியைச் செய்தவர்கள் குதிரையும் ஆளும் ஓருடலாவதைப் பற்றித்தான் பேசினார்கள். ஜின்பா இட்டாய் என்று ஜப்பானிய மொழியில் அதற்குப் பெயர். அந்த ஒருமை 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவிலேயே கிடைத்துவிடும். உங்கள் மனைவி கேட்பது நியாயம்.

எனக்குக் கோபம் வந்தது 'வெறும் ஒரு பொருள்' என்ற இடத்தில். அதை யாரிடமிருந்து கற்றீர்கள்? புது வண்டியைச் சிராங்கூன் சாலைக் கோயிலுக்குக் கொண்டுபோய் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுக்கிற நாம், ஆயுத பூசையன்று துறைமுகத்தில் லாரியின் ஸ்டியரிங்குக்குச் சந்தனம் பூசி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட என் அப்பாவைப் போன்றவர்களின் பிள்ளைகள், படித்து வேலைக்குப் போனதும் பொருளின்மீது பற்று வைப்பதைத் தாழ்வாக நினைக்கப் பழகிவிட்டோம். பொருளோடு உழைக்காதவர்களுக்குத்தான் அது வெறும் பொருள். பத்தொன்பது ஆண்டுகள் ஒரு கிளட்சை மிதித்த உங்கள் இடது கால் அப்படிச் சொல்லாது.

நீங்கள் ஞாயிறுதோறும் போகும் அந்தச் சாலை 1961 முதல் 1973 வரை கார்ப் பந்தயம் நடந்த தடத்தின் ஒரு பகுதி. அப்பர் தாம்சன் சாலையையும் இதையும் சேர்த்து ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர்ச் சுற்று. 1973இல் வெர்ன் ஷுப்பான் வென்ற கடைசிப் பந்தயத்துக்கு அப்பா என்னை அழைத்துப்போனார். எனக்குப் பதினொரு வயது. கூட்டத்தில் எனக்குச் சரியாக எதுவும் தெரியவில்லை. சிவந்த மண் மேடு, முன்னால் நின்றவர்களின் முதுகுகள், எரிந்த எண்ணெயின் வாடை, அவ்வளவுதான். அப்பாவும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மரங்களுக்கு அப்பால் வண்டி வரும் ஓசை கேட்டதும் என் தோளில் விரலால் தட்டினார்: "நாலு... மூணு... இப்ப ரெண்டுக்கு இறக்குறான்." அவர் தட்டிய ஒவ்வொரு முறையும் அந்தக் கர்ஜனை ஒரு படி மாறியது. கண்ணால் காணாத வண்டியின் கியரை அவர் காது அறிந்திருந்தது. துறைமுகத்து லாரியில் இருபது ஆண்டுகள் ஓட்டிப் பெற்ற காது அது.

எனக்குப் பதினெட்டு வயதானபோது முறையாகச் சொல்லித்தர ஒரு பயிற்றுநரிடம் சேர்த்துவிட்டார். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே கம்போங் பாருவில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் நின்ற சித்தப்பாவின் டாட்சன் 120ஒய் காரில் எனக்குப் பாடம் தொடங்கிவிட்டது. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்பா இடப்பக்க இருக்கையில் அமர்வார். என் இடக்கை கியரின் குமிழில் இருக்கும், அதன்மேல் அவருடைய வலக்கை. பிறகு எஞ்சின் அவர் தொண்டையில் ஓடும். முதல் கியரின் கனத்த முனகல், அது மெல்ல ஏறி இனி தாங்காது என்று இழுபடும் இடம். அந்த இடத்தில் நான் கிளட்சை மிதித்துக் கையை நகர்த்த வேண்டும். பிந்தினால் தொண்டையாலேயே கரகரவென்று பல் உரசும் ஓசை எழுப்புவார். குனிந்து கியரைப் பார்த்தால் முகவாயில் ஒரு தட்டு விழும். "கீழ என்ன பாக்குறே? கை பாத்துக்கும்." நிற்கிற வண்டியில், ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லாமல், மாலை தேநீர் நேரத்தில் நாங்கள் ஜொகூர் வரைக்கும் போய்வந்திருக்கிறோம். பின்னாளில் தேர்வில் மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொன்னபோது எஞ்சின் ஒருமுறைகூட அணையவில்லை. என் காதில் ஓடிக்கொண்டிருந்தது அப்பாவின் தொண்டைதான்.

இப்போது உங்கள் மகளுக்கு வருகிறேன். ஆர்வமில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அதை அவள் சொன்னாளா, நீங்களாக முடிவு செய்தீர்களா? இரண்டே இருக்கை உள்ள வண்டியில் பக்கத்து இருக்கை எத்தனை ஞாயிறு காலியாகப் போயிருக்கிறது? அவளை எழுப்பிக் கேட்டிருக்கிறீர்களா? ஓட்டுநர் இருக்கையில், வண்டி நிற்கும்போதாவது, ஒருமுறை உட்கார வைத்திருக்கிறீர்களா? பெண்பிள்ளைக்கு இது பிடிக்காது என்று மனத்தின் ஏதோ மூலையில் நினைத்திருந்தால், அதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டும். வண்டிக்காகக் கலங்குவதற்கு அல்ல. 3ஏ எடுத்தவர் மீண்டும் பயின்று தேர்வில் தேறினால் கையால் கியர் மாற்றும் வண்டிக்கான வகுப்பு 3 உரிமம் பெறலாம். ஆனால் 2030 முதல் இங்கே புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய எரிசக்தி வகையாகத்தான் இருக்க வேண்டும், 2040க்குள் சாலையில் ஓடும் எல்லா வாகனங்களும் அப்படி ஆவதே இலக்கு. பேரப்பிள்ளைகளின் நுரையீரலை நினைத்தால் அதை நான் எதிர்க்க மாட்டேன். அதே சமயம், காலும் கையும் காதும் சேர்ந்து செய்கிற இந்த வேலையை ஒருவர் இன்னொருவருக்குக் கை வைத்துச் சொல்லித்தருவதற்கு இனி அதிக ஆண்டுகள் இல்லை. உங்கள் வீட்டில் அதைத் தரக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களோ மூன்று மாதத்தில் இரண்டு முறை எடுத்துவிட்டு, நின்று நின்று பேட்டரி இறங்கட்டும், டயர் ஒரே பக்கம் அழுந்தட்டும் என்று வண்டியை விட்டுவைத்திருக்கிறீர்கள். உருக்கமான கடிதம் எழுதுகிறவர் இப்படி நடந்துகொள்ளலாமா?

கடுமையாகச் சொல்லிவிட்டேன். காரணம் இருக்கிறது. 1991இல் நான் வாங்கிய கார், கையால் கியர் மாற்றுவது, 2001இல் பத்தாண்டை நெருங்கியபோது பத்தாண்டுக்குள் ஒப்படைத்தால் அரசு தரும் கழிவுத்தொகை கைவிட்டுப் போகக்கூடாது என்ற கணக்கில் ஒரு வேலை நாளின் மதிய இடைவேளையில் அதை ஒப்படைத்துவிட்டு அலுவலகம் திரும்பினேன். அப்பாவிடம் மாலையில்தான் சொன்னேன். அவர் ஒன்றும் குறை சொல்லவில்லை. அடுத்த வாரம் என் புது ஆட்டோ காரில் இடப்பக்கம் ஏறி அமர்ந்தார். சிவப்பு விளக்கில் நின்று பச்சை விழுந்தபோது அவருடைய வலக்கை பழக்கத்தில் எழுந்து என் இடக்கையைத் தேடியது. என் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. அந்தக் கையை அவர் மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். கடைசியாக ஒருமுறை அந்தப் பழைய வண்டியில் அவரோடு போயிருக்கலாம். அதற்கு நான் செலவிட வேண்டியிருந்தது ஒரு மாலைப் பொழுது.

ஐந்தா, பத்தா, விடுவதா என்பதை மார்ச்சுக்கு முன்னால் முடிவு செய்தால் போதும். அதற்குள் மழையில்லாத ஒரு ஞாயிறு பாருங்கள். உங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்து மேல்தளத்தில் வண்டியை நிறுத்திக் கூரையைத் திறந்துவிடுங்கள். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மகளை வலப்பக்கம் உட்கார வைத்து, நீங்கள் இடப்பக்கம் அமர்ந்து, அவள் கைமேல் உங்கள் கையை வையுங்கள். முதல் கியரின் ஓசை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
அம்மா