பெட்டியில் 120 என்று போட்டிருந்தால் போதுமா?

பிளேஸ்டேஷன் 5-க்காக டிவி தேடுகிறேன். கடையில் 'மோஷன் ரேட் 120' என்று ஒட்டிய 55 இன்ச் டிவியைக் காட்டுகிறார்கள். எடுக்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். மோஷன் ரேட் என்பது விளம்பரக் கணக்கு. உள்ளே இருப்பது பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் பேனல்தான், அதாவது விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரை. 'நேட்டிவ் ரிஃப்ரெஷ் ரேட் (பேனலின் உண்மையான ஹெர்ட்ஸ்) எவ்வளவு?' என்று கேளுங்கள். விற்பவர் மழுப்பினால், அங்கேயே மாடல் எண்ணை வைத்து கம்பெனி தளத்தில் பார்த்துவிடலாம்.

அப்புறம் டிவியின் பின்பக்கம் போய் போர்ட்டுகளைப் பாருங்கள். பழைய எச்டிஎம்ஐ 2.0 விநாடிக்கு 18 ஜிகாபிட்தான் கடத்தும். 4கே-யில் விநாடிக்கு 60 பிரேம் (படம்) வரை சரி. 120 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.1 தேவை. பல டிவிகளில் நான்கு போர்ட் இருந்தாலும் இரண்டில்தான் 4கே 120 வரும். அந்த இரண்டில் ஒன்றே சவுண்ட்பாருக்கான இ-ஆர்க் போர்ட்டாகவும் இருப்பதுண்டு. சவுண்ட்பாரை மாட்டினால் கேமுக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று. வீட்டில் இரண்டு கன்சோல் இருந்தால் தினமும் கேபிள் பிடுங்கும் சண்டைதான்.

நிதானமான கதை விளையாட்டுகள் மட்டும் ஆடுபவர் என்றால், நல்ல 60 ஹெர்ட்ஸ் டிவியே போதும். மிச்சப் பணத்தில் சவுண்ட்பார் வாங்குங்கள்.

புது டிவியில் சினிமா பார்த்தால் மெகா சீரியல் மாதிரி இருக்கிறதே?

டிவியே இடையில் பிரேம்களைக் கற்பனை செய்து செருகுகிறது. சினிமா விநாடிக்கு 24 பிரேம். செட்டிங்ஸில் இப்படிச் செருகும் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போட்டாலே போதும். 60-ஐ 24-ஆல் வகுத்தால் மீதி வரும். அதனால் 60 ஹெர்ட்ஸ் டிவி ஒரு பிரேமை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்டிச் சமாளிக்கிறது. கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் லேசாகத் திக்கும். 120-ல் ஒவ்வொரு பிரேமும் சரியாக ஐந்து முறை. ஆக, 120 ஹெர்ட்ஸ் கேமுக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை.

பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் ஹீரோ குதிக்கிறார்.

படத்தை மெருகேற்ற டிவி எடுக்கும் நேரத்தைக் குறைக்கும் கேம் மோட் போடவில்லை. போடுங்கள்.

ஓஎல்இடியா, மினி எல்இடியா?

ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்; மினி எல்இடியில் திரைக்குப் பின்னால் குட்டி விளக்குகள். இரவில் விளக்கணைத்துப் பார்ப்பவருக்கு ஓஎல்இடி. கறுப்பு, கறுப்பாகவே இருக்கும். ஜன்னல் வெயில் நேரே விழும் ஹாலுக்கு மினி எல்இடி. நாள் முழுக்க நியூஸ் சேனல் ஓடும் வீட்டிலும் அதுவே. சேனல் லோகோ ஒரே மூலையில் நின்றால் ஓஎல்இடியில் தடம் பதிய வாய்ப்புண்டு. என் ஹாலில் டிவிக்கு எதிர்ச்சுவரில் டியூப்லைட். இருட்டுக் காட்சி வந்தாலே திரையில் வெள்ளைக்கோடு. கடைசியில் மாற்றியது டிவியை அல்ல, டியூப்லைட்டை.

டால்பி விஷன் கட்டாயமா?

வெளிச்சத்தையும் நிறத்தையும் காட்சிக்குக் காட்சி சரிசெய்யும் எச்டிஆர் வகை அது. படத்துக்கு இருந்தால் நல்லது. சாம்சங் டிவிகளில் கிடையாது, அதற்குப் போட்டியான எச்டிஆர்10 பிளஸ்தான். கேமுக்காக என்றால், பிளேஸ்டேஷன் 5-ல் டால்பி விஷனே இல்லை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அல்லது எஸ் வைத்திருப்பவர் யோசிக்கலாம்.