வேதியியல் பிடித்த பெண்ணுக்கு எதற்கு மேனேஜ்மென்ட் கோட்டா?

மகளுக்கு வேதியியல்தான் பிடிக்கும். பெங்களூரில் இருக்கும் தாய்மாமாவோ, "பத்து லட்சம் கடன் வாங்கியாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடுங்கள்" என்கிறார். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள், ஐயா. பதறாதீர்கள். ஆனால் அந்தக் கடனை வாங்காதீர்கள். 10 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய்; படிக்கிற காலத்து வட்டி தனி. மனசில்லாத படிப்பை முடித்துவிட்டு அதைக் கட்டப்போவது உங்கள் மகள், மாமா இல்லை.

"பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தால் டீச்சர் வேலைதான்" என்பது தவறு. வினதி ஆர்கானிக்ஸ் நிறுவனத்தைப் பாருங்கள். 1989இல் வினோத் சராஃப் தொடங்கியது. 1992இல் மகாராஷ்டிராவின் மகாட் ஆலையில் ஐசோபியூட்டைல் பென்சீன் தயாரிக்க ஆரம்பித்தார்கள். இபுப்ரூஃபென் மாத்திரைக்கான மூலப்பொருள் அது. தொழில்நுட்பம் பிரான்ஸிலிருந்து வந்தது. அடுத்த பெரிய பொருளான, பாலிமர் தயாரிக்க உதவும் ஏ.டி.பி.எஸ். என்ற வேதிப்பொருளுக்கான செய்முறை புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தோடு சேர்ந்து உருவானது. வீட்டில் யாரும் கேள்விப்படாத இந்த இரண்டு பொருள்களிலும் உலகச் சந்தையில் அது முன்னணியில் இருக்கிறது.

ஆய்வகச் செய்முறையை ஆலைக்குக் கொண்டுபோகும் வேலைக்கு பிராசஸ் டெவலப்மென்ட் என்று பெயர். உங்கள் மகளுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒரு லிட்டர் குடுவையில் நன்றாக நடந்த வினை, ஆயிரம் லிட்டர் ரியாக்டரில் அப்படியே நடக்காது. கொள்ளளவு 1000 மடங்கு கூடும்போது சுவர்ப் பரப்பு 100 மடங்குதான் கூடும். லிட்டருக்கு வெளியேறும் வெப்பம் பத்தில் ஒரு பங்காகிவிடும். சூடு ஏற வினை வேகமாகும், வேகம் கூடச் சூடு இன்னும் ஏறும். அதனால் மூலப்பொருளை மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நடுவில் அஜிடேட்டர் (கலக்கி) நின்றும் ஃபீட் (உள்ளே விடும் மூலப்பொருள்) நிற்காவிட்டால், வினைபுரியாத சரக்கு உள்ளே தேங்கி, கலக்கத் தொடங்கியதும் ஒரே நேரத்தில் வெடித்துக் கிளம்பும். எப்போது ஃபீடை நிறுத்துவது, தானாக நிறுத்தும் பாதுகாப்பு ஏற்பாடான இன்டர்லாக்கை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க வேதியியல் அறிந்த ஆள் வேண்டும்.

ஐசோபியூட்டைல் பென்சீனையே எடுத்துக்கொள்ளுங்கள். டொலுயீனும் புரொப்பிலீனும் சேரும்போது கூடவே நார்மல் பியூட்டைல் பென்சீனும் உருவாகும். ஒன்றின் கொதிநிலை சுமார் 173 டிகிரி, மற்றதுக்கு 183. பத்து டிகிரி வித்தியாசத்தில் பிரிக்க உயரமான டிஸ்டிலேஷன் கோபுரம் (column) வேண்டும். இந்த வினைக்கு வினையூக்கியாகப் பயன்படும் சோடியம், பொட்டாசியம் ஈரம் பட்டாலே தீப்பிடிக்கும். எனவே உள்ளே போகும் டொலுயீனில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை கார்ல் ஃபிஷர் டைட்ரேஷனில் முதலில் பார்த்தாக வேண்டும். டைட்ரேஷனில் கை பழகிய பெண்ணுக்கு இது சுமையாகத் தெரியாது.

வழி இதுதான். அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், துணைப்பாடம் கணிதம். மூன்றாம் ஆண்டில் ஐ.ஐ.டி.களின் ஜாம் தேர்வு: 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் நல்ல ரேங்க் வாங்கினால் ஐ.ஐ.டி.யிலேயே எம்.எஸ்சி. கல்லூரியில் சேர்க்கும் முன், கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி ஓடுகிறதா, மாணவர்களைத் தொட விடுகிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். மகளுக்கு ஆஸ்துமாவோ நிறக்குருடோ இருந்தால் மருத்துவரிடம் முதலில் பேசுங்கள்.

தொடக்கச் சம்பளம் ஐ.டி.யைவிடக் குறைவாக இருக்கலாம். கடலூர், ராணிப்பேட்டை மட்டுமல்ல, குஜராத்தின் அங்கலேஷ்வர், வாபி வரைகூடப் போக வேண்டியிருக்கும். இதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். சம்மதித்தால் விண்ணப்பம் போடுங்கள். மறுத்தால் வேறு படிப்பு பார்க்கலாம். அப்போதும் அந்தப் பத்து லட்சம் வேண்டாம்.