குரல்கள் சாக்ஸஃபோன்களாகும்போது

கேள்வி: நால்வர் சேர்ந்து பாடும் அமெரிக்கக் குழுவான மேன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபரின் புகழ்பெற்ற பாடல்களைத் திரட்டி 1981இல் வெளியான தொகுப்பைக் கேட்டேன். ஜாஸ் பாடகர்கள் என்று சொல்லப்படும் இவர்களின் தொகுப்பில் பாதிக்கு மேல் பழைய பாப் பாடல்களாகவே ஒலிக்கின்றன. இதில் ஜாஸ் எங்கே இருக்கிறது?

பதில்: உங்கள் காது உங்களை ஏமாற்றவில்லை. அமெரிக்காவில் அட்லாண்டிக் நிறுவனம் வெளியிட்ட அந்தத் தொகுப்பில் டூ-வாப் (பல குரல்கள் இழையும் பழைய பாப்), காஸ்பெல் (கிறிஸ்தவ பக்தி இசை), ஸ்விங் (பெரிய ஜாஸ் குழுக்களின் நடன இசை), டிஸ்கோ எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. வானொலியில் வெற்றிபெற்ற பாடல்களுக்கு இடம் கொடுப்பது இத்தகைய தொகுப்புகளின் இயல்பு என்பதால், குழுவின் உண்மையான சாதனை இரண்டு மூன்று பாடல்களுக்குள் ஒடுங்கிவிட்டது. அவற்றை மட்டும் தனியே எடுத்துக் கேளுங்கள்.

முதலாவது, 'ஃபோர் பிரதர்ஸ்'. வுடி ஹெர்மன் இசைக்குழுவுக்காக ஜிம்மி ஜூஃப்ரி 1947இல் எழுதிய இந்த இசையில் மூன்று டெனர் சாக்ஸஃபோன்களும் அவற்றைவிடத் தாழ்ந்த ஒலியுடைய ஒரு பாரிடோன் சாக்ஸஃபோனும் ஒரே மூச்சில் ஒலிப்பதைப் போல நெருங்கி இழைந்து செல்லும். பிறகு நால்வரும் தனித்தனியே வாசிப்பார்கள். அந்தத் தனிவாசிப்புகளின் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஜாஸ் பாடகரும் பாடலாசிரியருமான ஜான் ஹென்ட்ரிக்ஸ் ஓர் அசை வீதம் சொல் பொருத்தியிருக்கிறார். இந்தக் கலைக்கு வோக்கலீஸ் என்று பெயர். அர்த்தமற்ற அசைகளை அந்தக் கணத்தில் கற்பனையாகப் பாடும் ஸ்காட் வேறு. ஏற்கெனவே பதிவான வாத்தியக் கற்பனையை, அதன் நெளிவுசுளிவுகளில் ஒன்றும் குறையாமல் சொற்களால் நிரப்பிப் பாடும் வோக்கலீஸ் வேறு. சாக்ஸஃபோனின் விரல் வேகத்தை நாக்கு எட்டிப்பிடிக்க வேண்டும், சொல்லும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதால், இதைவிடக் கடினமான பாட்டுமுறை ஜாஸில் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது, 'பேர்ட்லேண்ட்'. நியூயார்க்கில் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் 'பேர்ட்' என்ற செல்லப்பெயரால் விளங்கிய இசைக்கூடத்தை நினைத்து ஜோ சாவினுல் இயற்றிய இது, அவருடைய வாத்தியக் குழுவான வெதர் ரிப்போர்ட்டின் 1977ஆம் ஆண்டு ஆல்பத்தில் வந்தது. ஹென்ட்ரிக்ஸின் சொற்களும் மேன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் பாடகி ஜானிஸ் சீகலின் குரலமைப்பும் சேர்ந்து இவர்கள் பாடிய வடிவத்துக்குக் கிராமி விருதைப் பெற்றுத் தந்தன. முதலில் சாவினுலின் வாத்திய வடிவத்தைக் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். எந்தக் குரல் எந்த வாத்தியத்தின் இடத்தில் நிற்கிறது என்பது அப்போதுதான் துலங்கும்.

தொகுப்பு சொல்லாமல் விட்ட ஒன்றையும் குறிப்பிட வேண்டும். இதில் பாடுவது இரண்டு வெவ்வேறு நால்வர் அணிகள். டிம் ஹௌசர், ஆலன் பால், சீகல் ஆகிய மூவரும் மாறவில்லை. ஆனால் 'ஃபோர் பிரதர்ஸ்' பாடலில் இருப்பவர் லாரல் மாஸே, 'பேர்ட்லேண்ட்' பாடலில் இருப்பவர் அவருக்குப் பின் 1979இல் சேர்ந்த ஷெரில் பென்டைன். பாடல்கள் கால வரிசையில் இல்லாததால் இந்த மாற்றம் காதில் படாமலே போய்விடுகிறது.

கேள்வி: அடுத்து எந்த ஆல்பத்தைக் கேட்கலாம்?

பதில்: 1985இல் வந்த 'வோக்கலீஸ்'. சொற்கள் முழுவதும் ஹென்ட்ரிக்ஸினுடையவை. கிராமி விருதுக்கு 12 பரிந்துரைகளைப் பெற்ற ஆல்பம் அது. அதற்குமுன், லாம்பெர்ட், ஹென்ட்ரிக்ஸ், ராஸ் ஆகிய மூவர் 1957இல் கவுன்ட் பேஸியின் ஜாஸ் இசைக்குழுவின் ஊதுவாத்தியப் பகுதி முழுவதையும் தங்கள் குரல்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவுசெய்தே உருவாக்கிக் காட்டிய ஆல்பத்தையும் கேட்டுவிடுங்கள்.