டைபீரியஸ்: கேளுங்கள், சொல்கிறேன்

ரோமின் இரண்டாவது பேரரசர் டைபீரியஸ் பற்றி உறுப்பினர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: ஐயா, இவர் முதல் பேரரசர் அகஸ்டஸின் சொந்த மகனா?

இல்லை. அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு முதல் கணவர் மூலம் பிறந்தவர். வாரிசாக எண்ணியிருந்த பேரன்கள் இருவரும் இறந்த பிறகு, கி.பி. 4-இல் அகஸ்டஸ் வேறு வழியில்லாமல் இவரைத் தத்தெடுத்தார். கி.பி. 14-இல் பதவிக்கு வந்தபோது வயது 54.

கேள்வி: சிரிக்கவே மாட்டாராமே?

எப்படிச் சிரிப்பார்? மனைவி விப்சானியாமீது உயிரையே வைத்திருந்தார். அவளை விலக்கிவிட்டுத் தன் மகள் ஜூலியாவை மணக்கச் சொன்னார் அகஸ்டஸ். பின்னொரு நாள் விப்சானியாவைத் தற்செயலாகப் பார்த்தவர், கலங்கிய கண்களோடு அவளையே பார்த்தபடி பின்னால் போனாராம். அதன்பின் அவள் இவர் கண்ணில் படாதபடி பார்த்துக்கொண்டார்கள் என்று எழுதுகிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் சுவட்டோனியஸ்.

கேள்வி: ஆட்சி எப்படி?

கெட்ட பெயர் வாங்கிய நல்ல நிர்வாகி என்பேன். வரியை உயர்த்தச் சொன்ன ஆளுநர்களுக்கு, "நல்ல இடையன் மயிரைக் கத்தரிப்பான், தோலை உரிக்கமாட்டான்" என்று பதில் எழுதினார். கி.பி. 17-இல் ஆசியா மைனரில் பன்னிரண்டு நகரங்கள் நிலநடுக்கத்தில் இடிந்தன. அதிகம் அடிபட்ட சார்டிஸுக்கு ஒரு கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) உதவித்தொகையும் ஐந்தாண்டு வரிவிலக்கும் அறிவித்தார். கி.பி. 33-இல் கடன் நெருக்கடி வந்தபோது பத்துக் கோடி செஸ்டர்ஸை வட்டியில்லாமல் கடனாகக் கொடுத்தார்.

கேள்வி: இத்தாலியின் காப்ரி தீவில் இவர் ஆடியதாகச் சொல்லும் காமக் களியாட்டங்கள் உண்மையா?

பெரும்பாலும் வம்புப்பேச்சு, எழுதப்பட்டதே பல பத்தாண்டுகள் கழித்துத்தான். உண்மையான கறை வேறு. கி.பி. 26-இல் ரோமை விட்டுப் போய்க் காப்ரியில் குடியேறியவர் சாகும்வரை ரோமுக்குத் திரும்பவில்லை. காவற்படைத் தலைவன் செஜானஸ் நகரை ஆட்டிப்படைத்தான். 31-இல் அவனைக் கொன்றார்கள். அதோடு நிற்காமல் அவனுடைய சின்னஞ்சிறு மகளையும் கொன்றார்கள். இதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

கேள்வி: இயேசுவைச் சிலுவையில் அறைந்தது இவர் காலத்திலா?

ஆம். பிலாத்து இவருடைய ஆளுநர்.

கேள்வி: நான் கோவைக்காரன். எங்கள் பக்கம் இவருடைய காசுகள் கிடைத்தனவாமே?

வெள்ளலூரிலேயே கிடைத்திருக்கின்றன. சிறிய வெள்ளிக் காசு: முன்பக்கம் வாகை சூடிய தலை, பின்பக்கம் கையில் கிளையோடு அமர்ந்த பெண், லிவியா என்பது பொதுவான கருத்து. நம் மிளகுக்கும் கொங்கு நாட்டுப் பச்சைக்கல்லுக்கும் விலையாக வந்த பணம். வேடிக்கை என்னவென்றால், பெண்களின் மணிக்கல் மோகத்தால் ரோமின் பணம் அயல்நாடுகளுக்குப் போகிறதே என்று கி.பி. 22-இல் செனட்டுக்குப் புலம்பிக் கடிதம் எழுதியவரும் இவர்தான்.

கேள்வி: அதே காசு ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

அவசரப்படாதீர்கள். வரி கட்டுவது பற்றிக் கேட்டபோது இயேசுவிடம் காட்டியதாகப் பைபிளில் வரும் வரிக்காசு இதுதான் என்ற நம்பிக்கையால் கிராக்கி அதிகம், போலிகளும் அதிகம். தோட்டத்தில் தோண்டி எடுத்தது என்று விற்பவர் சொன்னால், ஆட்சியரிடம் தெரிவித்துவிட்டாரா என்று கேளுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.