மிலானில் அம்புரோசியக் குடியரசைத் தேடினால்

கேள்வி: அலுவலக வேலையாக மிலான் செல்கிறேன். ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். 1447 முதல் 1450 வரை அங்கே நடந்த அம்புரோசியக் குடியரசின் எச்சங்களை எங்கே பார்க்கலாம்?

பதில்: ஸ்ஃபோர்சா கோட்டைக்குப் போங்கள். குடியரசு கட்டிய எதுவும் அங்கே இல்லை. அது இடித்துத் தள்ளிய இடம் அது.

1447 ஆகஸ்ட் 13 அன்று மிலானை ஆண்ட கோமகன் பிலிப்போ மரியா விஸ்கோன்டி ஆண் வாரிசின்றி இறந்தார். மறுநாளே குடியரசு அறிவிக்கப்பட்டது. நகரின் ஆறு வாயில் பகுதிகளுக்குத் தலா நால்வராக, 24 பேர் ஆட்சிப் பொறுப்பேற்றார்கள். பல தலைமுறைகளாகத் தங்களை மிரட்டிவந்த விஸ்கோன்டி கோட்டையை மக்கள் தரைமட்டமாக்கினார்கள்.

ஆனால் மிலானோடு போரிட்டுவந்த வெனிஸின் படை பக்கத்திலேயே நின்றது. எதிர்க்க பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா என்ற கூலிப்படைத் தலைவரை அமர்த்தினார்கள். அவர் வேறு யாருமல்லர், இறந்த கோமகனின் மருமகன்! மாமனார் சொத்தில் கண் வைத்தவரிடமே வீட்டுச் சாவியைக் கொடுத்தது போலத்தான். குடியரசு அன்றே பாதி தோற்றுவிட்டது என்பேன். 1448 செப்டம்பரில் கரவாஜோ என்ற ஊரில் வெனிஸ் படையை முறியடித்தார். அடுத்த மாதமே அதே வெனிசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு மிலான் பக்கம் திரும்பினார். பின்னர் வெனிஸ் அவரைக் கைவிட்டும் முற்றுகையை அவர் விடவில்லை. நகரம் பட்டினியில் வாடியது. 1450 பிப்ரவரியில் மக்கள் கிளர்ந்தெழுந்து ஆட்சியைக் கவிழ்த்தார்கள். ஸ்ஃபோர்சாவின் வீரர்கள் ரொட்டியைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார்கள். புதிய கோமகனான ஸ்ஃபோர்சா, இடித்த இடத்திலேயே கோட்டையை எழுப்பினார்.

முகப்பிலுள்ள உயரமான மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய கோபுரம் 1521இல் வெடிமருந்து வெடித்துச் சிதறியது. இப்போது நிற்பது 1905இல் கட்டியது. இரு மூலைகளிலும் உள்ள வட்டக் கோபுரங்களுக்கு அருகே சென்று, வைரப் பட்டை போலச் செதுக்கிய கற்களைப் பாருங்கள். முற்றங்களில் நடக்கக் கட்டணமில்லை. அருங்காட்சியகங்களுக்கு மட்டும் டிக்கெட் வேண்டும்.

அங்கிருந்து நடந்தே சான்ட் அம்புரோஜோ தேவாலயத்துக்குப் போய்விடலாம். குடியரசுக்குப் பெயர் தந்த 4ஆம் நூற்றாண்டு ஆயர் (பிஷப்) அம்புரோசியாரின் எலும்புக்கூட்டை, நிலவறையில் ஆயர் உடையோடு கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள். உடன் இரண்டு மறைசாட்சிகளின் (மதத்துக்காக உயிர்நீத்தவர்களின்) எலும்புகளும் உண்டு. நேரம் குறைவென்றால் அருங்காட்சியகத்தை விட்டுவிடுங்கள், இதை விடாதீர்கள்.