'காட் ரெட் ஹேண்டட்', 'காட் ஃபிளாட் ஃபுட்டட்': இரண்டுக்கும் ஒரே பொருளா?

இல்லை. இந்த ஆங்கில வழக்குகளில், முதலாவதில் மாட்டுபவர் தப்பு செய்தவர், இரண்டாவதில் அப்படி இல்லை.

'ரெட் ஹேண்டட்' என்றால் கையும் களவுமாகப் பிடிபடுவது. அந்தச் சிவப்பு ரத்தத்தின் சிவப்பு. 15ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துச் சட்டங்களிலேயே 'ரெட் ஹேண்ட்' உண்டு. கொலை செய்த கையில் ரத்தக்கறையோடு அகப்பட்டவன் என்ற அர்த்தத்தில். இப்போது ரத்தமெல்லாம் வேண்டாம், பரீட்சையில் பிட் அடித்து மாட்டினாலும் இதுதான்.

'ஹேண்ட் இன் த குக்கி ஜார்' என்பதும் கையும் களவுமாக மாட்டுவதுதான், அமெரிக்க வழக்கு. பிஸ்கட் டப்பாவுக்குள் கையை விட்டுக்கொண்டே மாட்டும் குழந்தை. ஆனால் பொதுப் பணத்தில் கை வைத்த ஆட்களுக்குத்தான் அதிகம் சொல்வார்கள். கொலைக்குச் சொன்னால் கேட்பவர் சிரித்துவிடுவார்.

சரி, 'ஃபிளாட் ஃபுட்டட்'? தயாராக இல்லாத நேரத்தில் மாட்டிக்கொள்வது. பாதம் முழுக்கத் தரையில் பதிய நிற்கும் ஆட்டக்காரரால் சட்டென்று நகர முடியாது அல்லவா, அந்த நிலை. மேலாளர் திடீரென்று கணக்குக் கேட்க, நீங்கள் திருதிருவென்று விழித்தால் இதைச் சொல்லலாம். அங்கே போய் 'பாஸ் காட் மீ ரெட் ஹேண்டட்' என்றால், திருடியதை நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்! 'காட் நாப்பிங்' கிட்டத்தட்ட 'ஃபிளாட் ஃபுட்டட்' மாதிரிதான்.

அப்புறம், 'காட் பிட்வீன் எ ராக் அண்ட் எ ஹார்ட் பிளேஸ்': நம்ம இருதலைக் கொள்ளி எறும்பு.