பழைய காரின் இரும்பு

அன்புள்ள ஐயா,

என்னிடம் 1950களில் வந்த கார் ஒன்று இருக்கிறது. பம்பர் மேல் ஏறி நின்றாலும் அசையாது. மகளின் புதுக் கார் தூணில் இடித்ததற்கே முன்பக்கம் மடங்கிவிட்டது. இரும்பைக் குறைத்து நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றுகிறது. விபத்தில் பழையதுதானே காப்பாற்றும்? குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் அதிலேயே போகலாம் என்றிருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தயவுசெய்து அதில் போகாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் கேள்வியை 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் மோதியே பார்த்துவிட்டது. 1959ஆம் ஆண்டு செவ்ரோலே பெல் ஏர் ஒன்றும் 2009ஆம் ஆண்டு செவ்ரோலே மாலிபு ஒன்றும், மணிக்கு சுமார் 64 கிலோமீட்டர் வேகத்தில், ஓட்டுநர் பக்கமாக எதிரெதிரே மோதின. பெல் ஏரில் ஓட்டுநர் உட்காரும் இடமே குலைந்துபோனது. ஸ்டியரிங் பின்னால் வந்து, ஓட்டுநருக்குப் பதிலாக வைத்திருந்த சோதனைப் பொம்மையைத் தாக்கியது. மாலிபுவின் முன்பக்கமும் நசுங்கியதுதான். ஆனால் உள்ளிருந்த பொம்மைக்குக் காலில் மட்டும் சிறு காயத்துக்கான அறிகுறி. அந்தக் காணொளியை மகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

கார் நசுங்கக் கூடாது என்பதல்ல, ஆள் இருக்கும் கூடு நசுங்கக் கூடாது என்பதே கணக்கு. வண்டி நிற்பதற்கு எடுக்கும் தூரம் இரண்டு மடங்கானால் உடம்பின் மேல் விழும் சராசரி விசை பாதியாகிறது. முன்பக்கம் மடங்கி அந்தத் தூரத்தைத் தருகிறது. மெர்சிடீஸ் பொறியாளர் பெலா பாரெனி சிந்தித்த இந்த அமைப்பு 1959இல் விற்பனைக் காருக்கு வந்தது. வால்வோவின் மூன்று முனை சீட் பெல்ட்டும் அதே ஆண்டுதான். உங்கள் கார் இவை இரண்டுக்கும் முந்தையது.

மகளின் கார் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. மெதுவாக இடித்தால்கூட பம்பர், விளக்கு, சென்சார் என்று பில் நீள்கிறது. பழைய காரில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரையும், தீப்பொறி வரும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் பாயிண்டையும் நாமே கழற்றிச் சரிசெய்யலாம். அந்த நெருக்கம் புதிய கார்களில் கிடைப்பதில்லை. காரின் கூரையைத் தாங்கும் மெல்லிய தூண்களுக்கு நடுவே சாலை முழுவதும் தெரிவதும் எனக்கு மிகவும் பிடிக்கும். கூரை நொறுங்காமல் இருக்கத்தான் இன்று தூண்களைத் தடிப்பாக்கியிருக்கிறார்கள்.

அதனால் காரை விற்றுவிடாதீர்கள். பகலில், கூட்டமில்லாத சாலையில், நிதானமாக ஓட்டுங்கள். பிரேக்கை மட்டும் உடனே பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்துக் கார்கள் பெரும்பாலானவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் ஆயில் சுற்றுதான்; ஒரு குழாய் கசிந்தால் பெடல் மொத்தமாக உள்ளே போய்விடும். ரப்பர் குழாய்களைப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். டயரிலும் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் தயாரித்த வருடத்தையும் பாருங்கள்.